லாமிடியின் பதினோராவது ஆட்டம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அபெகே வந்தபோது டிஜானி அகாரா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டும் பயறு வடையை அவர் நியூஸ் பேப்பரில் ஒற்றி ஒற்றித் தின்பார். அந்த நேரத்தில் அவரிடம் பேசுவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். மண்டியிட்டு வணங்கினாள், எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவளை வாடகை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிய போலாஹனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாபா, அப்புறம் தின்னுங்க. பெரிய கொள்ளை நடந்திருக்கு. அந்தக் குஃபோரிஜி என்னையும் திருடன்னு சொல்றான்."

"அதுல என்ன தப்பு? நேத்து மழைன்னு எங்கிட்டயே ரெண்டு மடங்கு வாடகை வாங்கினவன்தானே நீ."

போலாஹனுக்கு நாற்பது வயது, நாலு பிள்ளை. இபாதான் நகரத்தில் அவன் ஓட்டாத சந்து இல்லை. ஏழு வருஷமாக டிஜானியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பந்தயக் கடை பந்தயக் கடையாகச் சுற்றுகிறான். அவர் வழக்குத் தீர்க்கும் அழகைப் பார்ப்பதற்காக என்று சொல்லிக்கொள்வான். பாதி உண்மை. மீதி, அவர் எந்த அணியைச் சொல்வார் என்று காது கொடுப்பதற்காக. அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

டிஜானி பந்தயமே கட்டியதில்லை. முப்பத்தோரு வருஷம் பூல்ஸ் கடையில் கூப்பன் சரிபார்த்தவர். அப்போதெல்லாம் இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டம் சமனில் முடியும் என்று வெள்ளிக்கிழமை கார்பன் தாளில் குறித்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை ரேடியோவுக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டும் பொத்தாமலும் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு இயந்திரச் சீட்டு வந்தது, பிறகு போன். ஆட்டம் ஓடும்போதே விலை ஏறுகிறது, இறங்குகிறது. ஓடுகிற சீட்டைக் காய்கறி மாதிரி விற்கிறான், வாங்குகிறான். தாள் மாறியது, இயந்திரம் மாறியது. ஏமாற்றுகிறவன் மட்டும் மாறவில்லை என்பது டிஜானியின் எண்ணம். அதனால் கடைக்காரனும் நம்பாமல் பந்தயம் கட்டினவனும் நம்பாமல் இரண்டு பேரும் சண்டை போட்டால் கடைசியில் அவரிடம் வருவார்கள்.

அவர் கையைத் துடைத்தார். "சொல்லும்மா."

அவள் கணவன் லாமிடி, மொகோலா பேட்டைப் பக்கம் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். அவன் கட்டிய பந்தயச் சீட்டில் பதினோரு ஆட்டம், பதினொன்றும் சொன்னபடி முடிந்தால்தான் பணம். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பத்து சொன்னபடியே முடிந்துவிட்டன. பதினொன்றாவது சனிக்கிழமை இங்கிலாந்தில், இரண்டு சின்ன ஊர் அணிகளுக்கு நடுவே. அது சமனில் முடிந்தால் பதினெட்டு லட்சம் நைரா.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. முடிஞ்சுது பாபா. ஆனா அவருக்கு அது தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ரோட்டைத் தாண்டுறப்ப டாக்சி அடிச்சுத் தூக்கிப் போட்டுருச்சு. இன்னும் கண்ணைத் திறக்கலை. மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். நாளைக் காலையில திறந்து எடுக்கணும். தள்ளிப் போட்டா ஆள் இருக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாலு லட்சம் கட்டணும்."

"சீட்டு?"

"தொப்பி மடிப்புல வெச்சிருந்தாரு. எப்பவும் அங்கதான் வெப்பாரு. தொப்பியை, சீட்டு வாங்கி விக்கிற குஃபோரிஜி நேத்துக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து குடுத்தாரு. ரோட்டுல கிடந்துச்சாம். மடிப்புல ஒண்ணும் இல்லை. இன்னிக்கு ஏழு மணிக்கு கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னாலயே அவர் சீட்டோட நிக்கிறாரு. 'உன் புருஷன் எனக்கு வித்துட்டாரு, நாலு லட்சம் ரொக்கமாக் குடுத்தேன்'ங்கிறாரு. ரேகை வெச்ச தாளும் காட்டுறாரு."

"அந்த ரொக்கத்தை, அடிபட்டவனைத் தூக்கிட்டுப் போனவன் எடுத்திருப்பான்னு வேற சொல்றான்!" போலாஹன் கத்தினான். "தூக்கிட்டுப் போனது நான் பாபா! என் சட்டையெல்லாம் ரத்தம்."

சீட்டு வாங்குகிறவர்கள் ஊரில் ஐம்பது பேர் இருப்பார்கள். கடைசி ஆட்டம் முடிவதற்குள் பயந்துபோகிறவனிடம் பாதி விலைக்கு வாங்குவார்கள். விற்றவனுக்குத் தூக்கம், வாங்கினவனுக்குப் பயம். அந்த வியாபாரத்தில் ஒரு கட்டாயம் உண்டு: விற்ற மணி என்ன, அந்த மணியில் ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது, இரண்டையும் தாளில் எழுதி விற்றவன் பெருவிரலை அழுத்த வேண்டும். ஏனென்றால் விலையே அந்த நிலையை வைத்துத்தான்.

"தாள்ல என்ன எழுதியிருக்கு?"

அபெகே மனப்பாடமாகச் சொன்னாள். "சனிக்கிழமை, பிற்பகல் மூணு அம்பது. ஆட்டம் இடைவேளை. ரெண்டு பக்கமும் கோல் இல்லை."

"உன் புருஷன் விக்கிற ஆளா?"

"பதினோரு வருஷமா கட்டுறாரு பாபா. 'இந்தத் தடவை எவன் வந்தாலும் விக்க மாட்டேன்'னு வெள்ளிக்கிழமை என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு. குடிகாரன் சத்தியம், சூதாடி சத்தியம் எதையும் நம்பாதவ நான். அதை மட்டும் நம்புறேன்."

டிஜானி எழுந்து செருப்பை மாட்டினார். பன்னிரண்டு மணிக்குள் தகராறு தீராவிட்டால் சீட்டு லாகோஸ் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அங்கே மூன்று மாதம் தூங்கும் என்று அவருக்குத் தெரியும். அபெகேக்கு ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது.

போகிற வழியில் போலாஹனிடம் கேட்டார்.

"எத்தனை மணிக்கு அடிபட்டான்?"

"அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிச்சிருந்தாங்க. நாலு, நாலு அஞ்சு இருக்கும். தெருவை அடைச்சு கல்யாணப் பந்தல் போட்டிருந்தாங்க, அதைச் சுத்தி வந்த டாக்சிதான் அடிச்சது. அந்தப் பந்தல்லதான் நம்ம சீஃப் குஃபோரிஜி உக்காந்திருந்தாரு. அவர் மச்சினன் கல்யாணம். மத்தியானத்துல இருந்து தின்னுட்டு ஆடிட்டு இருந்தாருன்னு மேளக்காரனே சொன்னான்."

"அவனை சீஃப் ஆக்கினது எந்த ராஜா?"

"அவரேதான்."

"அப்புறம் நீ எங்க போனே?"

"ஆஸ்பத்திரியில விட்டுட்டு நேரா டிவி ஹாலுக்குத்தான். மனசு சரியில்லை பாபா. ஆனா பெரிய ஆட்டத்துல முதல் கோலையே பார்த்துட்டேன், அதிர்ஷ்டம்."

அதன் பிறகு ஆஸ்பத்திரி வரை போலாஹன் எவ்வளவு பேசியும் டிஜானியின் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் லாமிடி கட்டுப் போட்ட தலையோடு கிடந்தான். மூச்சு ஏறுவதும் தங்குவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை தங்கும்போதும் அபெகேயின் மூச்சும் நின்றது. டிஜானி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலில் நகத்தோரம் நீல மை.

"இவனை எப்பக் குளிப்பாட்டினே?"

"நேத்து விடியக்காலையில. ரத்தமும் டயர்க் கருப்பும் அப்பியிருந்துச்சு. சுடுதண்ணி வெச்சு, நகத்துக்குள்ள எல்லாம் குச்சியால எடுத்தேன் பாபா." அவள் அந்த விரலை அப்போதுதான் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிவேட்டில் சனிக்கிழமை நாலு இருபதுக்குச் சேர்த்ததாக இருந்தது. நர்ஸ் பழைய ஆள், வாயைக் கட்டத் தெரியாதவள்.

"தொப்பி கொண்டாந்தவரா? நல்ல மனுஷன். அந்தம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாங்க. எத்தனை மணிக்குச் சேர்த்தீங்கன்னு கேட்டாரு. அந்த மணிக்கு நேர்ந்துக்கணுமாம். அப்புறம் தனியா ஜபம் பண்ணணும்னு திரையை இழுத்துக்கிட்டாரு. அஞ்சு நிமிஷம்."

"பாபா, முடிஞ்சுது!" போலாஹன் குதித்தான். "மை இருக்கு. வாங்க, அவன் சட்டையைப் பிடிப்போம்."

"சனிக்கிழமை வெச்ச மைன்னு சொல்லுவான். பொண்டாட்டி சரியாக் கழுவலைம்பான். பந்தயக் கடை மேடம் யாரை நம்புவாங்க? அழுற பொம்பளையையா, எழுதின தாளையா?" டிஜானி வெளியே நடந்தார். "தாளைத் தாளாலதான் அடிக்கணும்."

பந்தயக் கடைக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மேலாளர் ஒகுன்சோலா மேடம் சீட்டையும் தாளையும் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். பல வருஷம் வங்கியில் இருந்தவள். யார் அழுதாலும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. குஃபோரிஜி நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருந்தான். வெள்ளை அங்கி, மூன்று போன்.

"வாங்க பாபா," என்றான். "கார்பன் தாள் கொண்டாந்தீங்களா? இல்லை ரேடியோவா?"

"ரெண்டும் இல்லப்பா. எனக்கு இந்தப் புது வியாபாரம் புரியலை. உங்கிட்ட கத்துக்கலாம்னு வந்தேன். நீ எப்ப ஆரம்பிச்சே?"

"ஏப்ரல்ல. முன்னாடி போன் சாமான் கடை. ஏழு மாசத்துல கார் வாங்கிட்டேன். உங்களுக்கு முப்பது வருஷத்துல சைக்கிளாவது கிடைச்சுதா?"

போலாஹன் முன்னால் ஒரு அடி வைத்தான். டிஜானி அவன் முழங்கையைப் பிடித்தார்.

"கிடைக்கலை. அதான் கேக்குறேன். சனிக்கிழமை எப்படி வாங்கினே? மெதுவாச் சொல்லு."

"கல்யாணத்துல இருந்தேன். லாமிடி பந்தலுக்கு வெளிய வந்து கூப்பிட்டான். பயந்துட்டான். வித்துடறேன்னான். நாலு லட்சம் எண்ணிக் குடுத்தேன். ரேகை வாங்கினேன். அவன் பணத்தோட போனான். பத்து நிமிஷம் கழிச்சு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா அடிபட்டுக் கிடக்கான். கூட்டம் பிரிஞ்சப்புறம் தொப்பி கிடந்துச்சு, எடுத்தேன். பணம் எங்கேன்னு..." அவன் போலாஹனைப் பார்த்துச் சிரித்தான். "அதை ஓட்டுறவங்களைக் கேளுங்க."

"எத்தனை மணி?"

"எழுதியிருக்கேனே. மூணு அம்பது."

"தப்பா எழுதியிருக்க மாட்டியே? வயசானவனுக்குச் சந்தேகம் ஜாஸ்தி."

"தப்பா எழுதுறவன் இந்தத் தொழில்ல நிக்க முடியாது."

"அப்ப ஆட்டம் இடைவேளையா?"

"இடைவேளை. கோல் இல்லை. அதனாலதான் நாலு லட்சம் குடுத்தேன். ஆரம்பிக்காத ஆட்டத்துக்கு யாராவது அவ்வளவு குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க," என்றார் டிஜானி. "மேடம், இதை எழுதிக்குங்க."

மேடம் எழுதினாள். சுவரில் பதினொன்று இருபத்தைந்து. அபெகே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கிழவர் ஏன் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார், மையைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

"நம்பிக்கை இல்லைன்னா பாருங்க." குஃபோரிஜி ஒரு போனை நீட்டினான். பந்தய விலை காட்டும் செயலி. அந்த ஆட்டம் முழுவதும் நிமிஷம் நிமிஷமாக இருந்தது. "இடைவேளை, மூணு நாப்பத்தேழு. நான் வாங்கினது மூணு அம்பது. போன் பொய் சொல்லுமா?"

டிஜானி மூக்குக் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார்.

"சொல்லாது. மேடம், உங்க இயந்திரத்துல ஒரு விஷயம் பார்க்கணும். சனிக்கிழமை இந்த ஆட்டத்துக்கு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னால கட்டுற பந்தயத்தை எத்தனை மணி வரைக்கும் வாங்கினீங்க?"

மேடம் விசைகளைத் தட்டினாள். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. முதல்முறையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது.

"மூணு அம்பத்திரண்டுக்கு இங்கேயே ஒரு சீட்டு அடிச்சிருக்கோம். கடைசிச் சீட்டு மூணு அம்பத்தெட்டு. நாலு மணிக்கு மூடியிருக்கு."

குஃபோரிஜியின் கால் கீழே இறங்கியது.

"மூணு அம்பதுக்கு இவருக்கு இடைவேளை," என்றார் டிஜானி. "மூணு அம்பத்தெட்டுக்கு இந்தக் கடையில ஆட்டமே ஆரம்பிக்கலை. ஒரே ஆட்டம், ரெண்டும் எப்படி நடக்கும்?"

"கடை இயந்திரம் தப்பு," என்றான் குஃபோரிஜி.

"இயந்திரமும் சரி, உன் போனும் சரி. உன் போன் லண்டன் நேரம் சொல்லுது. அந்தச் செயலி அங்க பண்ணினது. கோடையில வெள்ளைக்காரன் கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒண்ணாத்தான் ஓடும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை அவன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால இழுத்து விட்டுடுவான். நாம இழுக்க மாட்டோம். அன்னையில இருந்து அவனுக்கு மூணுன்னா நமக்கு நாலு. பூல்ஸ் காலத்துல அந்த வாரம் பலகையில பெருசா எழுதிப் போடுவோம். எழுதலைன்னா சண்டை வரும். இந்தச் சனிக்கிழமைதான் இழுத்தப்புறம் வந்த முதல் சனிக்கிழமை."

"அட!" போலாஹன் தலையில் அடித்துக்கொண்டான். "வழக்கமா மூணு மணிக்கே ஆரம்பிக்கிற ஆட்டம். அதான் நான் ஆஸ்பத்திரியில இருந்து போயும் முதல் கோலைப் பார்த்தேன்! ஹால்ல அன்னைக்கு நாலு மணி ஆட்டம்னு பலகை மாட்டியிருந்தாங்க. பார்த்துட்டும் தோணலையே."

"உனக்குத் தோணாது. நீ முதல் கோலைச் சொன்னப்பவே எனக்குத் தோணிடுச்சு." டிஜானி குஃபோரிஜியின் பக்கம் திரும்பினார். "நீ ஏப்ரல்ல வந்தவன். இன்னும் ஒரு நவம்பரைப் பார்க்கலை. சனிக்கிழமை ஆட்டம் பார்த்திருந்தா ஊர்ல எவனாவது சொல்லியிருப்பான். நீ பந்தல்ல ஆடிட்டிருந்தே. தொப்பி எடுத்தே. ராத்திரி மடிப்பைப் பிரிச்சே. அவனை நாலு இருபதுக்குச் சேர்த்ததா மறுநாள் நர்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டே. அதுக்கு முன்னால ஒரு நேரம் வேணும், அந்த நேரத்துல ஆட்டமும் ஓடணும். போனைப் பார்த்தே. மூணு நாப்பத்தேழு இடைவேளை. கடவுளே கையில குடுத்த மாதிரி இருந்திருக்கும்."

குஃபோரிஜியின் மூளை ஓடுவது முகத்திலேயே தெரிந்தது.

"சரி. மணி தப்பா எழுதிட்டேன். போனைப் பார்த்து எழுதினேன், ஒரு மணி நேரம் குறைஞ்சிருச்சு. இடைவேளையிலதான் வாங்கினேன். அது நிஜம்."

"இடைவேளை நம்ம நேரத்துக்கு நாலு நாப்பத்தேழு," என்றார் டிஜானி. "அப்ப அவன் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கான். பதிவேடு இருக்கு. பேச்சு மூச்சில்லாதவன் எழுந்து வந்து உங்கிட்ட பேரம் பேசினானா? மூணு அம்பதுன்னா ஆட்டம் இல்லை. நாலு அம்பதுன்னா ஆள் இல்லை. உனக்கு எது வேணும்?"

டிஜானி மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"இப்ப மையைச் சொல்றேன் மேடம். நேத்து விடியக்காலையில இந்தப் பொண்ணு அவன் நகத்தைக் குச்சி வெச்சு சுத்தம் பண்ணியிருக்கா. அதுக்கப்புறம் இவர் திரையை இழுத்து அஞ்சு நிமிஷம் ஜபம் பண்ணினாரு. இன்னிக்கு அந்த நகத்துல நீல மை. சாகக் கிடக்கிறவன் விரலைத் தூக்கி அழுத்தியிருக்காரு. நல்ல ஜபம்."

அபெகேயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. அவள் எழுந்து குஃபோரிஜியின் முன்னால் போய் நின்றாள். அவன் போன்களைப் பொறுக்கிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"பாதி," என்றான் அவன். "ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். சத்தம் போடாதே."

"அந்த நாலு லட்சம் எங்கே சீஃப்?" போலாஹன் வாசலை மறித்துக்கொண்டு கேட்டான். "என்கிட்ட இருக்குன்னீங்களே. வாங்க, என் பாக்கெட்டுல தேடுங்க. நாலு பிள்ளைங்களோட பள்ளிக்கூட ரசீதுதான் இருக்கும்."

போலீஸை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சீட்டுக்கு மூன்றாவது சொந்தக்காரர் வந்துவிடுவார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மேடம் அந்தத் தாளை நகல் எடுத்து வைத்துக்கொண்டாள், பந்தயக் கடைக்காரர் சங்கத்துக்கு அனுப்புவதற்கு. இனி அவன் கையில் ஒருவனும் சீட்டு விற்க மாட்டான். அது அவனுக்கு ஜெயிலைவிட மோசம்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மேடம் பணத்தை அபெகேயின் கணக்குக்கு அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. அபெகேயின் போன் சொல்லவில்லை. நெட்வொர்க் இல்லை. வங்கிச் செய்தியைப் பார்க்காமல் ஆஸ்பத்திரி நம்பாது. ஒரு மணி, இரண்டு மணி. ஆஸ்பத்திரி வாசலில் அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். போலாஹன் மதிலின் மேல் ஏறி நின்று தன் போனை ஆட்டினான். டிஜானி மட்டும் கணக்குப் பிரிவு வாசலில் உட்கார்ந்து, அது மூடிவிடாமல் பார்த்துக்கொண்டார். மூன்றேகாலுக்குச் செய்தி வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லாமிடியை உள்ளே கொண்டுபோனார்கள். பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். ரத்தக் கட்டியை எடுத்தாயிற்று, உயிருக்குப் பயமில்லை, விழித்த பிறகுதான் மீதி தெரியும் என்றார்.

வெள்ளிக்கிழமை விழித்தான். தண்ணீர் கேட்டான். பெண்டாட்டி பெயர் தெரிந்தது, பிள்ளைகள் பெயர் தெரிந்தது. டாக்சி அடித்தது தெரியவில்லை. அதற்கு முந்தின ஒரு மாதமே நினைவில் இல்லை.

"இந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கட்டினே?" என்று கேட்டான்.

போலாஹன் வாயைத் திறந்தான். அபெகே அவன் காலை மிதித்தாள்.

"எங்க அண்ணன் குடுத்தாரு," என்றாள்.

வெளியே வந்ததும் போலாஹன் பொறுக்க முடியாமல் கேட்டான். "என்ன ஆன்ட்டி இது? பதினோரு வருஷமா காத்திருந்த ஆட்டம். ஜெயிச்சுட்டாருன்னு சொல்லக் கூடாதா? மொகோலா முழுக்கத் தெரியும். நாளைக்கே எவனாவது சொல்லிடுவான்."

"சொல்லட்டும். அதுக்குள்ள மீதிப் பணத்துல ஒரு கடை எடுத்து, காத்தடிக்கிற மெஷின் வாங்கிப் போட்டுடுவேன். ஜெயிச்சோம்னு இப்பத் தெரிஞ்சா என்ன பண்ணுவாரு? நீயே சொல்லு."

போலாஹன் யோசித்தான். அவனுக்குத் தெரிந்த பதில்தான்.

"பாபா, நீங்க சொல்லுங்க. இது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்துதான்," என்றார் டிஜானி. "வாழ்க்கையில நான் பிடிக்காம விடுற முதல் ஏமாத்து. வண்டியை எடு."

ஜன்னல் வழியாக லாமிடி அவர்களைக் கூப்பிட்டான். குரல் இன்னும் தேறவில்லை. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"போலாஹன், இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப நாளைக்கு ஆட்டம் இருக்குமே," என்றான் லாமிடி. "ஒரு சீட்டு கட்டிட்டு வர்றியா? இந்தத் தடவை விழும்னு ஏதோ மனசுல சொல்லுது."

அபெகே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.